பூசையில் வைத்த இயற்பியல்

கள்ளிக்குப்பம் லோகநாயகிக்கு நாற்பத்து மூன்று வயது. திருமழிசையில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் இரும்புத் தண்டுகளின் விட்டத்தை அளந்து பார்ப்பது அவர் வேலை. இயந்திரத்திலிருந்து சூடாக வரும் தண்டை உடனே அளந்தால் அளவு கூடுதலாகக் காட்டுகிறது, ஆறிய பிறகு குறைகிறது என்று ஒருநாள் சொன்னார். மேற்பார்வையாளன் வினோத் சிரித்தான்.

"பத்தாவதோட நின்னவங்களுக்கு இதெல்லாம் இன்னாத்துக்குக்கா? அளந்துட்டுப் போய்க்கினே இரு."

அன்று மாலை, ஆறியதும் அளவு குறைந்துபோன நாற்பது தண்டுகள் கழிவுக்குப் போயின. பழி லோகநாயகி மேல் விழுந்தது. அடுத்த மாதமே திறந்தநிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சேர்ந்தார். கணிதம் தேறிவிட்டது. இயற்பியலில் தேர்ச்சிக்கு மூன்று மதிப்பெண் குறைந்தது. மறுதேர்வு ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தைய புதன்கிழமை சரஸ்வதி பூசை.

பொரி வாங்கப் போய்த் திரும்புவதற்குள் அவருடைய இயற்பியல் புத்தகம் சந்தன குங்குமப் பொட்டோடு பூசையில் ஏறியிருந்தது. அடுக்கியவர் நாத்தனார் ஹேமாவதி.

"தொடாத லோகா. நாளிக்குப் பூச முடிஞ்சாதான் எடுக்கணும்."

"வெள்ளிக்கெயம பரீட்ச அண்ணி."

"இன்னிக்குப் படிச்சா மண்டைல ஏறாது."

கணவர் பரந்தாமன் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இந்த வயசுல படிச்சி இன்னா கலெக்டராவப் போறியா? ஒரு நாள் சும்மா கெட."

"காலைலேந்து நீ அதுல படிச்சிகினுதான கீற? மொதல்ல அத்தக் கொண்டாந்து வையி."

பரந்தாமன் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இது வேற."

கல்விக்கென்று ஒரு தெய்வத்தை வைத்துக்கொண்டு, அதன் பெயராலேயே படிக்காதே என்கிறார்கள். கைப்பேசிக்கு விலக்கு உண்டு. நாற்பத்து மூன்று வயதுப் பெண்ணின் பாடப் புத்தகத்துக்குக் கிடையாது.

லோகநாயகி விளக்கை நகர்த்திவிட்டுப் புத்தகத்தை உருவினார். குங்குமத்தை உதறிவிட்டு அங்கேயே உட்கார்ந்து படித்தார்.

"பெயிலானா எங்கள ஒண்ணும் சொல்லக்கூடாது" என்றார் ஹேமாவதி. இரண்டு நாள் லோகநாயகியோடு யாரும் பேசவில்லை. சமையல் மட்டும் வழக்கம்போல அவர் தலையில்தான்.

முடிவு வந்தது. அறுபத்தொன்று. பரந்தாமன் தெருவெல்லாம் லட்டு கொடுத்தார். "ஒரு மணி நேரம்னாலும் அம்பாள் காலடில இருந்த புக்காச்சே" என்று எல்லாரிடமும் சொன்னார்.

பட்டப் படிப்பு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்த லோகநாயகி நிமிர்ந்தார்.

"போன வாட்டி மூணு மார்க் கொறஞ்சிதே, அப்போ எங்க போயிருந்தா உங்க அம்பாள்?"

"அது வேற" என்றார் பரந்தாமன்.