ஓரகத்தியின் சங்கிலி

என் கொழுந்தனார் வில்லியனூரில் விளையாட்டு சாமான் கடை வைத்தார். பந்து, மட்டை போதாதென்று, மெட்ராஸிலிருந்து சக்கரம் வைத்த ஷூக்களையும் மூட்டையாக வாங்கி வந்தார். முதலுக்கு அவர் மனைவியின் தாலிச் சங்கிலி அடகுக்குப் போனது. கடை திறந்த அன்று என் ஓரகத்தி கல்லாவில் முதலாளியம்மாவாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பையன்கள் சக்கர ஷூவைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றி வைத்துப் போனார்கள். ஊரில் இருந்த ஒரே தார் ரோட்டில் பஸ் ஓடியது, வேறெங்கே ஓட்டுவது? மழைக்காலத்தில் சக்கரமெல்லாம் துருப்பிடித்தது. பொங்கலுக்குள் கடையை மூடிவிட்டார்கள். சங்கிலியும் ஏலத்தில் போனது.

கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறோடு இருந்தவளிடம், "இன்னாடி, இப்பிடி ஆயிப்போச்சே?" என்றேன்.

"போனா போவுதுக்கா. எங்கிட்ட கேட்டுட்டுதான வாங்கனாரு. ரெண்டு பேரும் உக்காந்து பேசித்தான் அடகு வெச்சோம்" என்று சிரித்தாள்.

அப்போதுதான் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது. அந்த வருஷம் என் வீட்டுக்காரர் பெட்டியிலிருந்த என் வளையல்களை விற்றுக் கரும்புக் கொல்லைக்குப் பம்ப்செட் வாங்கினார். நல்ல லாபம். பம்ப்செட் வண்டியில் வந்து இறங்கிய பிறகுதான் எனக்கு விஷயமே தெரியும்.