பதினைந்தாவது கை

2023 ஜூலை 12, புதன்கிழமை, மாலை நான்கு மணி இருபது நிமிடம். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று காலையிலிருந்தே அனலாக வீசியது. நூலக மண்டபத்தின் ஒன்பது யன்னல்களில் ஆறைப் புழுதி புகாதபடி சாத்தியிருந்தார்கள். வடக்குப் பக்கத்துக்காக ஏழு கைகள் உயர்ந்து இறங்கின. தெற்குப் பக்கத்துக்காகவும் ஏழு. மீதியிருந்த ஒரு கை என்னுடையது.

எங்கள் ஊரில் இரண்டு சின்ன ஆஸ்பத்திரிகள், ஒன்றுக்கொன்று ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது மீற்றர் தூரத்தில். வடக்கில் ஓர் எக்ஸ்ரே மெஷின் இறங்கினால் தெற்கிலிருந்து மகஜர் போகும். தெற்குக்குப் பல் வைத்தியர் வந்தால் வடக்கில் கடையடைப்பு. ஒரு மகஜரில் ஆயிரத்து நூறு கையெழுத்து என்றார்கள். எண்ணிப் பார்த்தேன், முப்பத்தெட்டுப் பேர் இரண்டு தரம் வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட ஊர், இரண்டையும் ஒரே நிருவாகத்தின் கீழ், ஒரே பொறுப்பு வைத்தியர், ஒரே குழு என்று ஆக்கச் சம்மதித்தது. அந்த மண்டபத்தில் இருந்த பதினைந்து பேரில் ஒருவனாக நான் இருந்தேன் என்பதை இன்றைக்கும் பெருமையாகவே சொல்வேன்.

என்னைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போக வேண்டும். நான் வடக்கில் பிறந்தவன், தெற்கில் மனைவி வீட்டில் நாற்பத்தெட்டு வருடமாகச் சாப்பிடுகிறவன். இரு தரப்புக்கும் பொதுவான ஆள் என்று சொல்லிக் கடைசி நாற்காலியைத் தந்தார்கள். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் வாய்க்கால் மட்டம் அளந்தவன் கணக்கிலாவது பிழை விடமாட்டான் என்றும் யாரோ சொன்னார்களாம்.

மற்றதெல்லாம் நாற்பது நிமிடத்தில் தீர்ந்தது. இரத்தப் பரிசோதனை தெற்கில், எக்ஸ்ரே வடக்கில், வெளிநோயாளர் இரண்டிலும். பிரசவ அறையில்தான் இறுகிக்கொண்டது. பொறுப்பு வைத்தியர் திருக்கோவில் என்ற ஊர்ப் பக்கத்துப் பிள்ளை, முப்பத்தைந்து வயதிருக்கும். மெதுவாகத்தான் பேசினார்.

"பிரசவம் பாக்கிற மருத்துவமாதுகள் ஆறு பேர்தான் ஐயா. ரெண்டா பிரிச்சா ஒரு நேரத்தில ஒராள்தான் நிப்பா. ஒரே இடமெண்டா எப்பவும் ரெண்டு பேர். தாயப் பாக்க ஒராள், பிள்ளையப் பாக்க ஒராள் வேணும். எந்த இடமெண்டு நீங்களே சொல்லுங்கோ."

என் மனைவியின் மூத்த சகோதரன்தான் தெற்குப் பக்கத்தின் செயலாளர். தெற்கு ஆஸ்பத்திரி நிற்கும் காணி அவர்களுடைய தாய் கொடுத்தது. கைகள் ஏழுக்கு ஏழாக நின்றதும் அவர் எழும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மச்சான், கை எங்க? பொறந்த பக்கமா, சோறு திங்கிற பக்கமா?"

மண்டபம் சிரித்தது. நான் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து வாசித்தேன். சைக்கிளில் மூன்று தரம் அளந்திருந்தேன். வடக்கில் வயலோரத்துக் கடைசி வீட்டிலிருந்து தெற்கு ஆஸ்பத்திரி நாலாயிரத்து நூறு மீற்றர். தெற்கில் கடற்கரையின் கடைசி வீட்டிலிருந்து வடக்கு ஆஸ்பத்திரி இரண்டாயிரத்து முந்நூறு. ஆகவே வடக்குத்தான் எல்லோருக்கும் கிட்ட.

"மீற்றருக்கு நோவு வாறல்ல மச்சான்," என்றார் அவர். "கடக்கரப் பொண்டுகளுக்குத்தான் வாற. இவ்வளவு காலமும் நடந்து வந்து பெத்ததுகள். ஓட்டோவுக்கு ஆரு காசு குடுக்கிற?"

அது நியாயமான கேள்வி. தாளில் அதற்கு விடை இல்லை. நான் வடக்குக்காகக் கையை உயர்த்தினேன். உயர்த்திய கையோடு, "நான் குடுக்கிறன். ஒரு வருசத்துக்கு," என்றேன்.

ஹஜ்ஜுக்குப் போய் வந்ததிலிருந்து ஊருக்கு நான் ஹாஜியார். பின்வரிசையில் ஒருவர் கத்தினார்: "எழுதுங்க, கெதியா எழுதுங்க! ஹாஜியார் காசு குடுக்கிறெண்டு சொல்லி நான் இண்டைக்கித்தான் கேக்கிறன்."

மச்சான் சிரிக்கவில்லை. "என்ட குடும்பத்துப் பொண்டுகள் ஒராளும் அந்த வாசல மிதிக்கிறல்ல. நானும் மிதிக்கிறல்ல," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

வீட்டில் மனைவி சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக் கதைத்தார். "எங்கட உம்மா குடுத்த நாப்பது பேர்ச் காணிக்கி இவ்வளவுதான் மரியாதை."

"நாற்பத்திரண்டு," என்றேன். பதினொரு நாள் என்னோடு பேச்சில்லை.

மூன்று ஓட்டோக்காரர்களிடம் என் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தேன். கடற்கரையிலிருந்து வடக்கு ஆஸ்பத்திரிக்கு முந்நூறு ரூபாய் என்று பேச்சு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வந்து வாங்கிப் போவார்கள். ஒருவன் ஒரே பெண்ணுக்கு மூன்று ஓட்டம் கேட்டான்.

"புள்ள ஒண்டுதானே? மூண்டு எப்பிடி?"

"பொய் நோவு ஹாஜியார். கொண்டு போன, திருப்பிக் கொண்டந்த, மறுகாக் கொண்டு போன. நோவு பொய்யா மெய்யா எண்டு பாக்கிறத்துக்கு எனக்கிட்ட என்ன மீற்றரா இரிக்கி?"

கொடுத்தேன். காசு என்னை உறுத்தவில்லை. தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் சோற்றை விட்டு எழும்பினேன். வழியில் ஒரு தாய்க்கு ஏதும் ஆனால், அது என் கையால் ஆனது. மச்சான் அதை வாய் திறந்து சொல்லத் தேவையில்லை; அந்தக் கூட்டத்துக்குப் பிறகு என்னைக் கண்டால் தெருவின் மற்றக் கரைக்குப் போவார், அது போதும்.

டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, நண்பகல் ளுஹர் தொழுதுவிட்டு வந்தபோது மச்சானின் மகள் அழைத்தாள். முதல் பிள்ளை வயிற்றில். புருஷன் கத்தாரில். வெளியூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பார்ப்பதாக அவள் தகப்பன் ஏற்பாடு செய்திருந்தார்.

"மாமா, நோவு வந்துட்டு. வாப்பா சொல்ற எடத்துக்குப் போய்ச்சேர எனக்கு ஏலா. ஒங்கட ஓட்டோவ அனுப்புங்க."

மழை தொடங்கி மூன்றாம் நாள். வடக்குக்குப் போகும் வழியில் மதகின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குடைக்கம்பை ஊன்றி அளந்தேன்: பதினாலு அங்குலம். ஓட்டோவின் எஞ்சின் அணைந்துவிடும். வயலிலிருந்து வந்த, பெட்டி பூட்டிய ஒரு லேண்ட்மாஸ்டர் உழவு மெஷினை மறித்து அவள் வாசலுக்குக் கொண்டுபோனேன். பெட்டியில் பாயை விரித்து அவளை ஏற்றினோம். நான் கேட்காமலே என் மனைவி பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, அவள் தலையை மடியில் வைத்துக் குடையை விரித்தார். நான் பின்னால் நடந்தேன்.

இரண்டு மணி முப்பத்தைந்துக்குப் பெண்பிள்ளை பிறந்தது. ஆனால் அழுகைச் சத்தம் கேட்கவில்லை. கதவுக்குள்ளிருந்து ஒருவர் "டொக்டரக் கூப்பிடுங்க!" என்று கத்தினார். தாய்க்கு இரத்தம் நிற்கவில்லை என்று வெளியே ஓடிவந்த தாதி சொன்னாள். வைத்தியர் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு ஓடினார். நான் நடையில் பதித்த ஓடுகளை எண்ணினேன். நூற்று அறுபத்து நாலு. மறுபடியும் எண்ணினேன், நூற்று அறுபது வந்தது. எனக்கு எண்ணிக்கை தவறியது அன்றைக்குத்தான்.

பிள்ளை அழுதது. இன்னும் இருபத்திரண்டு நிமிடம் கழித்து வைத்தியர் வெளியே வந்தார்.

"ரெண்டு பேரும் சுகம் ஐயா. ஒராள் பிள்ளையப் பாக்க, மற்றவ தாய விடாமப் பிடிச்சுக்கொண்டா. தனி ஒராள் நிண்டிருந்தா நான் இப்பிடி வந்து சொல்லியிருக்க ஏலாது."



அப்போது மச்சான் வந்தார், தொப்பி முதல் சாரம் வரை நனைந்து. வாசல் படிக்கு வெளியே, மழையிலேயே நின்றார். உள்ளே வரவில்லை. மனைவி பிள்ளையைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு வாசலுக்குத் தன் மூத்த சகோதரனிடம் போனார்.

"காக்கா, புள்ளட காதில பாங்கு சொல்லணும். வாப்பாக்காரன் கத்தாரில. நீங்க வாறீங்களா, இல்லாட்டி இவரச் சொல்லச் சொல்லவா? இவர் பாங்கு சொன்னா ஒவ்வொரு வசனத்தையும் எண்ணிக்கிட்டு நிப்பார், அசர்த் தொழுகையும் வந்துரும்."

மச்சான் என்னைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். பிள்ளையின் காதருகே குனிந்து பாங்கு சொன்னார். இரண்டு இடத்தில் குரல் தடுமாறியது. மருத்துவமாதுகள் இருவரும் கதவருகே வந்து நின்றார்கள். ஒருவர் வடக்கு, மற்றவர் தெற்கு. அந்த நேரத்தில் எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. இப்படியொரு இடத்தை எங்கள் ஊர் தன் கையாலேயே உண்டாக்கியிருக்கிறது என்று.

பிறகு அவர் நனைந்த பையிலிருந்து காசை எடுத்தார். "லேண்ட்மாஸ்டருக்கு எவ்வளவு?"

"ஆயிரத்தி ஐநூறு. பையிலேயே வைங்க மச்சான். இது என்ட வருசம்."

"அவ்வளவு பெருமையா ஒங்களுக்கு?"

"ஓம்," என்றேன்.

அடுத்த வருடம் ஜூலை 12 வெள்ளிக்கிழமை. ஓட்டோக்காரர்களுக்குக் கடைசிக் கூலியைக் கொடுத்தேன். இனிமேல் குழுவே கொடுக்கும். பிரேரணை கொண்டுவந்தவர் மச்சான், பதினைந்து கைகளும் உயர்ந்தன. கடற்கரைப் பக்கத்திலிருந்து போய்ப் பெற்றவர்கள் அறுபத்தொரு பேர். வழியில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஓட்டோவில் போனவர்கள் அறுபது, பொய் நோவுக்குப் போய்த் திரும்பியது பதினாலு தடவை, ஆக எண்பத்தெட்டு ஓட்டம். அதோடு ஒரு லேண்ட்மாஸ்டர். மொத்தம் இருபத்தேழாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய்.