வீட்டுக்கு ஒரு பிள்ளை

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. மன்னார்த் தீவிலிருந்து பாலம் கடந்து, பூநகரி றோட்டில் வடக்கே போனால் வரும் எங்கள் கரையோரக் கிராமத்துக்கு வந்து பாருங்கள். யுத்தம் முடிந்து சனம் திரும்பிய பிறகு எழும்பிய வீடுகளில் என் கல் இல்லாத வீடு ஒன்றைக் காட்டினால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன். மண்டபம் முகாமில் அகதியாகக் கிடந்த காலத்தில் மதுரைப் பக்கம் போய்ப் பெயின்ட் அடித்தேன், கொத்தனுக்குக் கலவை சுமந்தேன், கடைசியில் சீமெந்துக் கல் அரியப் பழகினேன். ஊர் திரும்பியதும் முதல் செய்த வேலை ஒரு கல் அச்சு வாங்கியதுதான். மற்றவர்கள் தறப்பாளுக்குக் கீழே இருந்து நிவாரண அரிசி பார்த்துக்கொண்டிருந்தபோது என் வளவில் கல் காய்ந்துகொண்டிருந்தது.

இப்படிப்பட்ட ஒருவனைத் தேடித்தானே பள்ளிக்கூடத்து அதிபர் வருவார். வந்தார். பள்ளிக்கூடத்தில் சாரணர் குழு தொடங்க வேண்டுமாம். டவுணிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற இளம் மாஸ்டர் ஒருவர்தான் பொறுப்பு. ஊருக்குள் இருந்து துணைக்கு ஒரு பெரியவர் வேண்டும், கயிறு கட்டத் தெரிந்தவர், பெடியளை அடக்கத் தெரிந்தவர்.

"ஐயாவை விட்டா வேற ஆர்?" என்றார் அதிபர்.

உண்மைதான். என் அப்பன் கடலுக்குப் போனவர். பாய்மரத்துக்கு முடிச்சுப் போடும்போது நான் அவர் காலடியில் இருந்து பழகியவன். டவுணில் நடந்த பயிற்சிக்குப் போனேன். அங்கே படித்த வாத்திமார் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து முடிச்சுப் போட்டபோது நான் கண்ணை மூடிக்கொண்டு போட்டுக் காட்டினேன். கை தட்டினார்கள். காக்கிச் சட்டை தைத்தேன். கழுத்துப்பட்டியும் விசிலும் தந்தார்கள். கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்தால், சும்மா சொல்லக்கூடாது, ஒரு இன்ஸ்பெக்டர் தோற்றுப்போவான்.

ஆனால் பெடியள் சேரவில்லை. நாலைந்து பேர்தான் வந்தார்கள். மாஸ்டர் முகம் சுருங்கிப்போய், "இதுக்குக் குழு நடத்த ஏலாது ஐயா. மேலிடத்தில விடமாட்டினம்" என்றார்.

"அதை என்னட்ட விடுங்கோ" என்றேன்.

காக்கியைப் போட்டேன். விசிலை மாட்டினேன். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். கல் விற்கப் போகும்போது எந்த வீட்டிலும் எனக்கு இருக்கக் கதிரை வரும், குடிக்கத் தேத்தண்ணி வரும். அன்றைக்கு ஒரு வீட்டிலும் கதிரை வரவில்லை. நான் மரியாதையாகத்தான் கேட்டேன். "நல்ல விசயம். ஒழுக்கம் பழக்குவம். வீட்டுக்கு ஒரு பிள்ளை தாங்கோ."

"அவன் சித்தி வீட்ட போயிட்டான் ஐயா" என்றாள் ஒருத்தி. அவள் சொல்லும்போதே மகனுடைய தலை வேலிக்குப் பின்னால் தெரிந்தது. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த வீட்டில் வலை தைத்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "உங்கட வீட்டில ஆர் வாறது?"

"என்ர பேரனுக்கு டவுணில ரியூசன். நேரமில்லை."

"ஓம் ஓம். அப்பவும் அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு அவர் வலைக்குத் திரும்பினார். எப்போது, எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. வயது போனவர், ஏதோ கதைக்கிறார் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை மைதானத்தில் ஒரு குஞ்சு இல்லை. முதலில் வந்த நாலைந்து பேரும் இல்லை. எனக்கு ஆத்திரம். கேட்டுப் போயும் என்னை மதிக்கவில்லையா? விசிலை எடுத்து ஊரே கேட்க ஊதினேன். மைதானத்துக்குப் பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்த பெண் வாளியைக் கைவிட்டாள். பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள். அதைப் பார்த்த பிறகும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

திங்கட்கிழமை என் வளவில் மணல் அரிக்கும் பெண் வேலைக்கு வரவில்லை. என்னிடம் வேலை செய்தவர்களில் அவளைப்போல் ஒருத்தி இல்லை. காய்ச்சலென்றாலும் வருவாள். கணவன் கடைசி யுத்தத்தில் போய்விட்டான். மூத்த மகன் எங்கே என்று இன்றைக்கும் ஒரு தகவலும் இல்லை. மிச்சம் இருந்தது ஏழாம் வகுப்புப் படிக்கும் இளையவன் மட்டும். நான் வீட்டுக்குப் போனேன். அவள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் தங்கச்சி வேலைக்கு வரேல்ல?"

"கைகால் நோகுது முதலாளி."

"பெடியன் எங்க? பள்ளிக்கூடத்துக்கும் போகேல்லையாம்."

"இல்லை."

"என்ன இல்லை?"

"இல்லையெண்டா இல்லை. தலைமன்னாருக்கு அனுப்பிப்போட்டன், அக்காட்ட. உங்களுக்கு வேற வீடு கிடைக்கேல்லையோ?"

என்னிடம் இப்படிக் கதைக்கிற ஆள் அந்த ஊரில் கிடையாது. கோபம் வந்தது. ஆனால் அவள் இரண்டு கையாலும் கதவுநிலையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பிறகு அவளே சொன்னாள்.

"நீங்கள் அப்ப மண்டபத்தில இருந்தனீங்கள். உங்களுக்குத் தெரியாது. நாங்கள் வன்னிக்குள்ள. இயக்கக்காரர் முற்றத்தில வந்து நிண்டவை. தண்ணி வாங்கிக் குடிச்சவை. மரியாதையாத்தான் கதைச்சவை. வீட்டுக்கு ஒரு பிள்ளை தாங்கோ எண்டவை. உங்கட சொல்லேதான் முதலாளி. ஒரு சொல்லும் மாறேல்ல."

அவள் முற்றத்து மண்ணைப் பார்த்தாள்.

"மூத்தவனைத் தண்ணிப் பரலுக்குள்ள வைச்சு மண்ணுக்க தாட்டு, மூச்சு விட ஓட்டை போட்டு ஒளிச்சு வைச்சனான். வாகனச் சத்தம் கேட்டா உள்ள போயிடுவான். ஒருநாள் குளிக்கப் போனவன்."

அவ்வளவுதான் சொன்னாள்.

"நான் கல்லு விக்கிறவன் தங்கச்சி. பிள்ளை பிடிக்கிறவன் இல்லை."

"அது எனக்குத் தெரியும். என்ர கைகாலுக்குத்தான் தெரியேல்ல."

மாஸ்டரிடம் சொன்னபோது அவர் குழுவை மூடிவிடலாம் என்றார். மூடுவதா? தொடங்கியதை மூடிப் பழக்கமில்லாதவன் நான். காக்கியைக் கழற்றிவிட்டு வேட்டியோடு மறுபடி வீடு வீடாகப் போனேன். இந்தமுறை யாரையும் தரச் சொல்லவில்லை. "பெடியளைக் கையில பிடிச்சுக்கொண்டு வாங்கோ. முடியுமட்டும் இருந்து பாருங்கோ. கையில பிடிச்சுக்கொண்டு போங்கோ" என்றேன். விசில் இல்லை. வரிசையில் நிற்பாட்டுவதில்லை, வட்டமாக நிற்கலாம். உடுப்புக்குக் கழுத்துப்பட்டி மட்டும் போதும். டவுணிலிருந்து பார்க்க வந்த பெரியவர், "இதென்ன சாரணரோ, மாதர் சங்கமோ?" என்று கேட்டார். வேப்ப மர நிழலில் தாய்மார் பாய் விரித்து, கீரை ஆய்ந்துகொண்டு இருந்தார்கள். "எங்கட ஊரில இப்பிடித்தான் சேர். பிடிச்சா எழுதுங்கோ, பிடிக்காட்டி விடுங்கோ" என்றேன். அவர் எழுதிக்கொண்டு போனார்.

மெல்ல மெல்லப் பெடியள் வந்தார்கள். மணல் அரிக்கும் பெண்ணும் தலைமன்னாரிலிருந்து மகனைக் கூட்டி வந்தாள். அவன் அங்கே சாப்பிடாமல் அழுதானாம். சனிக்கிழமைகளில் அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டி வருவாள். மற்றத் தாய்மார் இருப்பார்கள், இவள் நிற்பாள். தடிகளைக் கயிற்றால் பிணைத்துக் கட்டுவதில் அவனுக்கு நிகர் இல்லை. பழக்கியது யார்? நான்தான்.

அப்போதுதான் பாசறை வந்தது. மன்னார்த் தீவில், தலைமன்னாருக்குப் போகிற வழியில் ஒரு பள்ளிக்கூட வளவில், மாவட்டத்துக் குழுக்கள் எல்லாம் கூடாரம் அடித்து ஒரு இரவு தங்க வேண்டும். தாய்மார் வர முடியாது. கெஞ்சியும் கதைத்தும் மற்ற வீடுகளில் சம்மதம் வாங்கினேன். அவள் மட்டும் தலையாட்டவில்லை. மகன் அவளோடு கதைப்பதை நிறுத்திவிட்டான்.

பாசறைக்கு முதல்நாள் வேலை முடிந்து, கை கழுவிவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"விடுறன் முதலாளி. ஆனா ஒண்டு."

"சொல்லு."

"உங்கட பேரனை என்ர வீட்டில விட்டிட்டுப் போங்கோ. என்ர பிள்ளையைக் கொண்டுவந்து தந்திட்டு உங்கட பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

மற்ற வேலையாட்கள் மண்வெட்டியை ஊன்றிவிட்டு நின்றார்கள். வலை தைத்த கிழவர் கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. கேட்டு வந்தவர்கள் யாரும் தங்கள் வீட்டிலிருந்து கொடுத்ததில்லை.

வீட்டில் சொன்னபோது மருமகள் கையிலிருந்த கோப்பையை வைத்தாள். "மாமா, உங்களுக்கு என்ன பைத்தியமோ? என்ர பிள்ளையென்ன அடகுச் சாமானோ?" மகன் வெளியே எழும்பிப் போனான். "இந்த வீட்டில இன்னும் நான்தான் பெரியவன்" என்று சொல்லி வாயை அடைத்தேன். அப்படிச் சொன்னேனே தவிர, விடியப் பேரனைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தபோது இரண்டுதரம் நின்று அவன் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்தேன். அவள் என் பேரனின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிறகுதான் மகனின் மணிக்கட்டை என் கையில் தந்தாள்.

பாசறையில் எங்கள் பெடியள் பனங்கூடலுக்குள் அடித்த கூடாரம்தான் காற்றுக்கு அசையாமல் நின்றது. அவள் மகன் தடிகளால் ஒரு வாசல் கட்டினான். படித்த ஊர்களிலிருந்து வந்த பெடியள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வேறு நேரமென்றால் அதைப் பற்றி நான் ஒரு மாதம் கதைத்திருப்பேன். அன்றைக்கு என் கண் முழுக்க அவன்மேல்தான். அந்தப் பெடியன் தண்ணீருக்குப் போனாலும் பின்னால் போனேன். அவனுக்கே சிரிப்பு. "அம்மாவை விட மோசம் நீங்கள்" என்றான்.

மறுநாள் பின்னேரம் திரும்பும்போது பாலத்தடிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்தார்கள். எல்லோரையும் இறக்கினார்கள். கூடாரத் தடிகளையும் கயிறுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பெடியளை வரிசையில் நிற்கச் சொன்னார்கள். இத்தனை மாதம் நான் நிற்பாட்டாத வரிசை. அவள் மகன் என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டான், விடவில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சொல்லிப் பார்த்தேன். மேலே கேட்க வேண்டுமாம். பொழுது சாயத் தொடங்கியது. ஊரில் மருமகளுக்கு அடித்த போன் எடுபடவில்லை. கடைசியில் வேறொரு இளம் இராணுவக்காரன் வந்து கழுத்துப்பட்டியைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். தானும் சாரணனாக இருந்தவனாம். சாரணர் வழக்கப்படி இடது கையை நீட்டினான். நானும் நீட்டினேன். இடது கையால் கைகுலுக்கிவிட்டு ஏறினோம்.

கோயிலடிச் சந்தியில் பஸ் நின்றபோது மைம்மல் இருட்டு. தாய்மார் எல்லாரும் றோட்டில். அவரவர் பிள்ளைகளை இழுத்து எடுத்துக்கொண்டார்கள். அவளைக் காணவில்லை. மருமகள் அழுதுகொண்டு ஓடி வந்தாள். "மாமா, அவ கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறா. எவ்வளவு தட்டியும் திறக்கிறா இல்லை. என்ர பிள்ளையின்ர சத்தமும் இல்லை."

பெடியனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினேன், அந்த வயதில். கதவு உள்ளே பூட்டியிருந்தது. விளக்கு இல்லை. சுவரில் அடித்தேன். என் கல், நானே அரிந்த கல். சத்தம் உள்ளே போகாத உறுதி.

"தங்கச்சி, உன்ர மகனைக் கொண்டுவந்திட்டன். திற."

மறுபடி தட்டினேன். பிறகு ஜன்னலுக்குப் பக்கத்தில் அவள் குரல். "அவனைக் கதைக்கச் சொல்லுங்கோ."

"அம்மா, நான்தான். திறவுங்கோ. பசிக்குது."

கதவு ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்தது. மகனை உள்ளே இழுத்தாள். இருட்டுக்குள் அவன் முகத்தையும் தோளையும் தடவிப் பார்ப்பது தெரிந்தது. அதற்குப் பிறகு என் பேரன் வெளியே வந்தான். உடம்பெல்லாம் தூசி, தலையில் சிலந்தி வலை. கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

மருமகள் அவனைக் கட்டிப்பிடித்து, "என்ன செய்தவ உன்னை? அடிச்சவவோ?" என்று கேட்டாள்.

"இல்லையம்மா. மீனுக்கு முள்ளெடுத்துத் தந்தவ. நல்லாத்தான் பார்த்தவ." அவன் என்னைப் பார்த்தான். "றோட்டில வாகனச் சத்தம் கேக்கிற நேரமெல்லாம் என்னைக் கட்டிலுக்குக் கீழ போகச் சொன்னவ, தாத்தா. பஸ் வரப் பிந்தினதும் அவவும் என்னோட கீழ வந்து படுத்து என்ர வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவ. ஆரு வந்து கூப்பிட்டாலும் உன்னைக் குடுக்கமாட்டன் எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவ."

மருமகள் அவன் தலையிலிருந்த சிலந்தி வலையைத் துடைத்தாள். நான் அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றேன். கழுத்துப்பட்டியைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, பேரனை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு நடந்தேன். மணிக்கட்டில்தான் பிடித்தேன். அவன் நோகுது என்றான். அப்படியும் வீடு வரும்வரை என்னால் பிடியை விட முடியவில்லை.