பஸ் ஸ்டாப் கூரையில் ஒரு புல்தரை

தூத்துக்குடியில் மொட்டைமாடிக் கசிவை அடைப்பதுதான் என் தொழில். சுவர் விரிசலில் ஓர் அரசங்கன்று தலைகாட்டினாலே கூப்பிட்டு விடுவார்கள். வேரோடு பிடுங்கிப் பூசிவிட்டு வருவேன். அந்தமானுக்கு வந்த பிறகு, பெரார்கஞ்சில் ஒரு பஸ் ஸ்டாப்பின் தகரக் கூரைமேல் மண்மூட்டையோடு ஏணி ஏறிக்கொண்டிருந்தேன். கூரையில் புல் வளர்க்க வேண்டுமாம். கீழே குளிர்ச்சியாக இருக்கும், மழைநீர் மெதுவாக வடியும் என்றார் ஒப்பந்தக்காரர். ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். ஆனாலும், தகரம் இந்தக் கனத்தைத் தாங்குமா, வேர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்த்துவிடும் ஆசை எனக்கு. கூடுதலாக முட்டுக் கொடுத்து, தண்ணீர் இறங்காத விரிப்பைப் போட்டு, அதன்மேல் மண் நிரப்பிய தட்டுகளைப் பரப்பினேன்.

பக்கத்து டீக்கடை மினதி தீதி வங்காளி; அக்காவைத்தான் தீதி என்பார்கள். வெளியே வந்து அண்ணாந்து கத்தினார்.

"அண்ணா! ஊப்பர் ஸே கன்கஜூரா கிரேகா!"

கஜூர் என்றால் பேரீச்சை என்பது மட்டும் எனக்குத் தெரியும். மேலிருந்து பேரீச்சம்பழம் விழும் என்கிறார் போல. "நஹி தீதி, கஜூர் நஹி. சிர்ஃப் காஸ்" என்றேன், வெறும் புல்தான் என்று. அவர் சிரிக்கவில்லை. ஐந்து விரல்களையும் நெளியவிட்டுத் தன் முழங்கைமேல் ஏற்றிக் காட்டினார். பூரான்! இந்தத் தீவுப் பூரான் ஒரு சாண் நீளம் இருக்கும். தன்னைக் கடித்த இடத்தையும் காட்டினார். பள்ளிப் பிள்ளைகள் நிற்கும் இடம் என்று மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். புகார் வந்தால் எல்லாவற்றையும் இறக்கிவிடு என்று ஒப்பந்தக்காரர் கைகழுவினார்.

எனக்கு மனசு வரவில்லை. பூரான் எங்கே ஒளியும் என்று தீதியிடமே கேட்டேன். சருகிலும் ஈரமான இடுக்கிலும் என்றார். இடுக்குகளை அடைத்தேன், சருகைக் கூட்டினேன், ஓரம் முழுக்க வழுவழுப்பான தகரத்தை மடித்து வைத்தேன். பிறகு, வந்து பாருங்கள் என்றேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் குச்சியோடு அவரே ஏறிவிட்டார். தட்டு தட்டாகக் கிளறிப் பார்த்ததில் இரண்டு நத்தைகள்தான் கிடைத்தன. இறங்கியவர் கடைக்குப் பின்னால் போய் ஒரு கொடித்துண்டோடு வந்தார்.

"யே பீ லகாவோ. புய்."

பார்த்தால் நம் கொடிப்பசலை! "ஹமாரா பசலை" என்றேன்.

"நஹி. புய்" என்றார் கண்டிப்பாக. இதையும் நடு என்று கொடுத்தவர் அவர், புய்யாகவே நட்டேன்.

மழைக்காலம் பிறந்து ஒரு பகலில் அங்கே ஒதுங்கினேன். வெறும் தகரமாக இருந்தபோது மழை வந்தால் பேச்சுக் கேட்காது. இப்போது சத்தம் அடங்கியிருந்தது. தீதி கத்தாமலே, "மெயின்லேண்ட் கப் ஜாவோகே?" என்று கேட்டார். எப்போது போவேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து மனைவி ஸ்டெல்லா வீடியோவில் கூப்பிட்டாள்.

"என்னங்க, அந்தக் கூரையக் காட்டுங்க."

போனை மழைக்குள் நீட்டினேன். பசலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இங்க வெயிலு மண்டையப் பொளக்குது" என்றாள், கண்ணைச் சுருக்கிக்கொண்டு. அவள் முகத்தின்மேல் இந்தத் தீவின் மழை சொட்டச் சொட்ட, நான் துடைத்துக்கொண்டே இருந்தேன்.