நான்காம் சிலிண்டரும் அந்தோணி அண்ணனும்

1. ஜாப் கார்டு

அன்று காலை ரிசப்ஷன் கவுண்டரில் இருந்தவர்கள் மூன்று பேர். நான், எங்கள் ஒர்க்‌ஷாப் மேனேஜர் தயாளன் சார், வண்டியின் சொந்தக்காரர் ராமசேஷன் சார். இல்லாதவர் அந்தோணி அண்ணன். அந்த வண்டியைப் பதினோரு வருடமாக ஓட்டியவர் அவர்தான். ஆனால் டிரைவர்கள் உள்ளே வந்து உட்காரக் கூடாது என்பது எங்கள் ஒர்க்‌ஷாப் வழக்கம். ஏசி, சோபா, காபி மிஷின் எல்லாம் ஓனர்களுக்கு. அவர் கேட்டுக்கு வெளியே பூவரச மரத்தடியில் நின்றிருந்தார்.

அவருடைய வேலை போனதற்கு நான் காரணம். அது எப்படி நடந்தது என்பதை இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். எனக்கும் அப்போது இரண்டாவது வருடம்தான்.

ஒர்க்‌ஷாப் இருப்பது அடையாறில். நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள். சட்டையில் என் பெயருக்குக் கீழே ‘டயக்னாஸ்டிக் டெக்னீஷியன்’ என்று தைத்திருக்கும். அந்தச் சட்டையை மட்டும் அம்மா தனி பக்கெட்டில் துவைப்பாள்.

வண்டி பதினாறு வயதான பெட்ரோல் எஸ்யூவி, ஆட்டோமேட்டிக் கியர். மயிலாப்பூரில் வீட்டு வாசல் வேப்பமரத்தடியில் நிற்பது. சர்வீஸ் புக்கில் கடைசி சீல் ஐந்து வருடத்துக்கு முந்தையது.

“சிக்னல்ல நின்னா உதறறது. பாலம் ஏறச்சே தடதடன்னு ஆட்டறது. கியர்பாக்ஸ்தான் போயிடுத்து,” என்றார் ராமசேஷன் சார்.

“சர்வீஸ் ரொம்ப நாளா விடலையா சார்?”

“ஓடிண்டிருக்கிற வண்டிக்கு எதுக்குப்பா சர்வீஸ்? பாங்குக்கும் கோயிலுக்கும் போயிண்டு வர்றேன், அவ்வளவுதானே?”

ஜாப் கார்டில் ‘கியர்பாக்ஸ் ஷடர்’, அதாவது கியர்பாக்ஸ் உதறல், என்று எழுதினேன். முதல் தப்பு அதுதான். வண்டி என்ன செய்கிறது, எப்போது செய்கிறது என்பதைத்தான் ஜாப் கார்டில் எழுத வேண்டும். நான் ஓனர் சொன்ன தீர்ப்பை எழுதிவிட்டேன். அவரோ பின்சீட்டில் உட்கார்ந்து வருகிறவர்.

2. கண்ணாடி

ஸ்கேனர் போட்டேன். இரண்டு எரர் கோடு வந்தது. ஒன்று, நான்காம் சிலிண்டரில் மிஸ்ஃபயர், பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை என்று; அதுவும் இன்னும் உறுதியாகாமல் பெண்டிங்கில் இருந்தது. இன்னொன்று கியர் ஸ்லிப், எப்போதோ பதிவான பழைய கோடு. மிஸ்ஃபயரை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிளக் தேய்ந்திருக்கும், டெலிவரிக்கு முன்னால் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

டெஸ்ட் டிரைவுக்குக் கேட்டைத் தாண்டும்போது அந்தோணி அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார்.

“தம்பி, நானும் வர்ட்டா? எங்க உதறுதுன்னு காட்றேன்.”

“வேணாம்ணே. ஸ்டாஃப் மட்டும்தான் ஏறணும். மிஷின்ல பாத்துக்கலாம்.”

“மிஷினா பதினோரு வருசமா ஓட்டிக்கினு கீது? கேளு நைனா, இந்த வண்டி இன்னா பண்ணும்னா…”

பக்கத்தில் நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போய்விட்டேன்.

அடையாறு பாலத்தில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபோது வண்டி தடதடத்தது. எஞ்சினைக் கியர்பாக்ஸோடு இணைக்கிற டார்க் கன்வர்ட்டர் உதறுவதைப் பற்றிக் காலேஜில் படித்தது அப்படியே இருந்தது. திரும்பி வந்து கியர் ஆயில் டிப்ஸ்டிக்கை உருவினேன். ஆயில் கறுப்பு, கருகிய வாடை. சந்தேகமே இல்லை என்று முடிவு கட்டினேன்.

நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். எஞ்சின் மிஸ்ஃபயரும் கன்வர்ட்டர் ஷடரும் சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரே மாதிரிதான் தெரியும். உதறும்போது இடது காலால் பிரேக்கை லேசாகத் தொட்டுப் பாருங்கள். கன்வர்ட்டர் லாக் விட்டுவிடும். உதறல் அதோடு நின்றால் கன்வர்ட்டர். நிற்காவிட்டால் எஞ்சின். இரண்டு விநாடி வேலை. அதை நான் செய்யவில்லை. எஞ்சினைச் சரி செய்யாமல் கியர்பாக்ஸில் கை வைக்கவே கூடாது என்பதும் எனக்கு அன்று தோன்றவில்லை.

3. மூன்றாவது கியர்

கியர் ஆயிலை மாற்றினால் உதறல் நின்றுவிடும் என்று மிஷின் வைத்து முழு ஃபிளஷ் செய்தேன். பழைய ஆயில் கடைசிச் சொட்டு வரை வெளியே வந்து, புது ஆயில் சிவப்பாக ஓடியபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

ட்ரையல் எடுத்தேன். முதல் கியர், இரண்டாவது கியர் சரி. மூன்றாவதில் எஞ்சின் மட்டும் கத்துகிறது, வண்டி இழுக்கவில்லை.

ஐந்து வருடம் ஆயிலே மாற்றாத கியர்பாக்ஸில் கிளட்ச் பிளேட் தேய்ந்து, அந்தத் தூள் ஆயிலில் கலந்திருக்கும். தேய்ந்த பிளேட்டுக்குப் பிடிமானமே அந்தத் தூள்தான். அதைத்தான் நான் கழுவிவிட்டேன். கியர்பாக்ஸ் நல்ல நிலையில் இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓடிக்கொண்டிருந்தது.

இறக்கிப் பிரிக்க வேண்டும். அதற்கு ரிப்போர்ட் வேண்டும். சிஸ்டத்தில் காரணம் என்ற இடத்தில் ஒரு லிஸ்ட் வரும், அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘பராமரிப்பு இன்மை’ என்பதில் கை வைத்தேன். தயாளன் சார் பின்னால் நின்றிருந்தார்.

“டேய், ஓனர் மூஞ்சிக்கு நேரா உன் மேலதான் தப்புன்னு சொன்னா அஞ்சு ஸ்டார் எங்கருந்துடா வரும்? கீழ பாரு.”

கீழே ‘தவறான ஓட்டும் பழக்கம்’ என்று இருந்தது. ஃபிளஷ் செய்தது நான் என்பதற்கு அந்த லிஸ்டில் இடமே இல்லை. அது எனக்கும் வசதியாக இருந்தது. கீழே இருந்ததைத் தட்டினேன்.

ராமசேஷன் சார் பிரிண்ட் அவுட்டை இரண்டு முறை படித்தார். நேரே கேட்டுக்குப் போனார். கண்ணாடிக் கதவு திறந்தே இருந்தது.

“ஏம்ப்பா அந்தோணி, நீ ஓட்டற லட்சணத்துலதான் கியர்பாக்ஸ் போயிடுத்துன்னு கம்ப்யூட்டரே சொல்றது.”

“நானா சார்? பதினோரு வருசத்துல ஒரு கோடு வுழுந்துகீதா வண்டில? சர்வீஸுக்கு வுடு வுடுன்னு எத்தினி வாட்டி சொன்னேன்?”

“எதிர்த்துப் பேசாதே. ஆத்துக் கேட் சாவியைக் குடுத்துட்டுப் போ.”

அந்தோணி அண்ணன் சட்டைப் பையில் இருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் ஸ்கிரீனைப் பார்த்தேன்.

4. வேப்பிலை

பத்து நாள் கழித்துக் கியர்பாக்ஸ் ரீகண்டிஷன் ஆகி வந்தது. மாட்டினோம். அதற்கு முந்தைய இரவு நல்ல மழை. பாலத்தில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி தடதடத்தது, அதே தடதடப்பு.

அப்போதுதான் நான்காம் சிலிண்டரில் பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற காயிலைக் கழற்றினேன். பிளக் குழியில் துருப்பிடித்த தண்ணீர். காயில் ரப்பரில் வெடிப்பு. மேலே நிமிர்ந்து பார்த்தேன். வைப்பருக்குக் கீழே தண்ணீர் வடிகிற ஓட்டையில் வேப்பிலை மக்கி அடைத்திருந்தது. மழைத் தண்ணீர் வழி இல்லாமல் எஞ்சினின் பின்பக்கம் சொட்டியிருக்கிறது.

தயாளன் சாரிடம் சொன்னேன். “காயிலை ஃப்ரீயா மாத்தி அனுப்பு. பில் போட்டாச்சு, பேசாத,” என்றார். மாற்றி அனுப்பினேன். பேசவில்லை.

மூன்று வாரம் கழித்துத்தான் பட்டினப்பாக்கம் போய் அந்தோணி அண்ணனைத் தேடிப் பிடித்தேன். வாடகை ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

“மழ பேஞ்ச மறுநாள்தான் உதறும். வெயில்ல காஞ்சா நின்னுப்பூடும். அதத்தான் சொல்ல வந்தேன். நீ கண்ணாடிய தூக்கிட்ட.”

“தப்புதாண்ணே.”

“உங்க நைனா இன்னா வேல?”

“லோடு டெம்போ டிரைவர்.”

துணியைப் பிழிந்து உதறினார். “சரி, போ. எனக்கு ஸ்கூல் ட்ரிப் கீது,” என்றார்.

அன்றே ராமசேஷன் சாருக்கு போன் செய்து, தப்பு டிரைவருடையது இல்லை என்றேன். “அதெல்லாம் முடிஞ்சுபோயிடுத்துப்பா. இப்போ ஆப்ல கூப்ட்டா டிரைவர் வந்துடறான்,” என்றார். சிஸ்டத்தில் மூடிய ரிப்போர்ட்டைத் திருத்த முடியாது. அது இன்றும் அப்படியேதான் இருக்கிறது, கீழே என் பெயரோடு.

இப்போதெல்லாம் நான் ஜாப் கார்டைக் கவுண்டரில் வைத்து எழுதுவதில்லை. கையில் எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போகிறேன். யார் ஓட்டுகிறார்களோ அவர்களை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டுதான் டெஸ்ட் டிரைவ். தயாளன் சார் முறைப்பார். முறைக்கட்டும். இதை நான் படிப்பில் கற்றுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. என் அப்பாவை எத்தனை ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்க வைத்திருப்பார்கள் என்று யோசித்திருந்தாலே போதும்.

காயில், பிளக், இலை எடுக்கிற கூலி எல்லாம் சேர்த்து நாலாயிரத்து இருநூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை அது. ராமசேஷன் சார் கட்டியது ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரம். அந்தோணி அண்ணனுக்குப் போனது மாதம் பதினெட்டாயிரம் சம்பளம். அது நின்று இது ஒன்பதாவது மாதம்.