நனைந்த கயிற்றால் அளந்த நூறு யார்

அந்த மாணவனுக்கு நான் செய்த அநியாயத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வெட்கம்தான் காரணம். வேறு சாட்டுச் சொல்ல எனக்கு வாயில்லை.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளில் மட்டக்களப்பு வாவிக்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் கணக்கு வாத்தியார். ஓட்டப் பயிற்சியும் என் தலையில்தான் விழுந்தது. கடைசி வகுப்பில் இருவர் நன்றாக ஓடினார்கள். ஒருவன் வாவியில் மீன் பிடிப்பவரின் மகன். மற்றவன் பழுகாமத்தில் வட்டை வட்டையாக வயல் வைத்திருந்த பெரிய நிலக்காரரான போடியாரின் மகன். இருவரையும் முழங்காலளவு தண்ணீரில் ஓடவிட்டுக் காலுக்கு வலு ஏற்றினேன். கொழும்பில் நடக்கும் நூறு யார் ஓட்டப் போட்டிக்கு ஒருவரைத்தான் அனுப்பலாம். அங்கே நன்றாக ஓடுகிறவனைப் பொலிசில் எடுப்பார்கள் என்று பேச்சு. போடியார் மகனுக்கு அது விளையாட்டு. மீனவர் மகனுக்கு அதுதான் சோறு.

அளக்க எங்களிடம் நாடா இல்லை. ஐம்பது யார், அதாவது ஐம்பது கெஜம், நீளமுள்ள பருத்திக் கயிறு ஒன்றை இரண்டு தரம் இழுத்துப் பிடித்து முளை அடிப்போம். செவ்வாய்க்கிழமை மீனவர் மகன் ஓடினான். அறுவடைக்குப் போயிருந்த மற்றவன் வெள்ளிக்கிழமைதான் வந்தான். இடையில் மழை கொட்டியது, மாடுகள் முளைகளை மிதித்துத் தள்ளிவிட்டன. முற்றத்தில் ஊறிக் கிடந்த அதே கயிற்றால், காலையில் நானே தனியாக மறுபடி அளந்து, அவனை ஓடவிட்டேன். என் நிறுத்து மணிக்கூட்டில் மீனவர் மகனைவிட அரை செக்கன் குறைவு! துள்ளிக் குதித்தேன், மடையன்.

"சேர், மறுகா ஒருக்கா ரெண்டு பேரையும் ஒண்டா ஓட விட்டுப் பாருங்களன்" என்று மீனவர் மகன் கெஞ்சினான்.

"மணிக்கூடு பொய் சொல்லுமாடா? தோத்தவன் பேசப்படாது!" என்று எல்லோர் முன்னிலையிலும் சீறினேன். அவன் முகம் சுருங்கிப்போயிற்று. அன்றே தலைமையாசிரியர் போடியார் மகனின் பெயரை அனுப்பிவிட்டார்.

திங்கட்கிழமை, வெயிலில் காய்ந்த கயிற்றைச் சுற்றி வைக்கப் போனேன். ஏதோ உறுத்தியது. இழுத்துப் பார்த்தேன். ஐம்பது யாருக்கு நான் அடித்த முளையைத் தாண்டி இரண்டு யாருக்கு மேல் நீண்டது. போடியார் மகன் ஓடிய நூறு யாரில் நாலு யாருக்கு மேல் குறைவு. நனைந்தால் பருத்திக் கயிறு சுருங்கும் என்பது வலை இழுக்கிற எல்லாருக்கும் தெரியும். கணக்கு வாத்தியாருக்குத் தெரியவில்லை!

போட்டிக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. தலைமையாசிரியரிடம் ஒரு சொல் சொன்னால் போதும். அவர் அறைக் கதவடி வரைக்கும் போனேன். 'கணக்கு வாத்தியாருக்கு அளக்கத் தெரியாதாம்' என்று ஊர் சிரிக்குமே என்று திரும்பிவிட்டேன். கயிற்றை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

கொழும்பில் போடியார் மகன் முதற் சுற்றிலேயே கடைசியாக வந்தான். சிரித்துக்கொண்டே வயலுக்குப் போய்விட்டான். மற்றவன் தகப்பனின் தோணியில் ஏறினான்.

சில வருடங்கள் கழித்துச் சந்தையில் அவனை மீன்கூடையோடு கண்டேன். நான் ஒதுங்குமுன் அவன் என்னைக் கண்டுவிட்டான். பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னான்: "இவர்தான் எனக்கு ஓட்டம் பழக்கின சேர். நீதியான மனிசன். முகம் பாக்கமாட்டார்."

பெரிய கொடுவா ஒன்றை ஓலையில் சுற்றிக் கையில் தந்தான். காசு வேண்டாம் என்றான். சீ, அப்போதாவது வாய் திறந்தேனா? மீனை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஆக்கிச் சாப்பிட்டேன்.