ஒரு கைக்கு மட்டும் வெளிச்சம்

அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது என் இரண்டு கைகளும் சபையில் காட்டும்படியாக இல்லை. புறங்கையில், விரல் முட்டிகளைச் சுற்றி, சிவப்புத் திட்டுகள். அவற்றின் மேல் மீன் செதில் போல உரியும் தோல். பெயர் சொரியாசிஸ். ஒட்டிக்கொள்ளும் வியாதி இல்லை என்று டாக்டர்கள் சொல்வார்கள். கல்யாண வீட்டில் டாக்டர் பேச்சை யார் கேட்கிறார்கள்?

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் பெண்ணுக்குத் தாய்மாமன் பட்டம் கட்டவேண்டும். நூலில் கோத்த மெல்லிய தங்கத் தகட்டை நெற்றியில் வைத்து, தலைக்குப் பின்னால் முடிச்சுப் போடவேண்டும். அவளுக்கு இருக்கும் ஒரே தாய்மாமன் நான். காரமடையிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா, நான் நீட்டிய தாம்பூலத் தட்டை இரண்டு நகங்களால் மட்டும் பிடித்து வாங்கினார். பிறகு அக்காவை ஓரமாகக் கூப்பிட்டு, "ஒன்னுவிட்ட மாமன் யாராச்சும் இருந்தா அவிங்க பட்டம் கட்டட்டுமுங்களே" என்று மரியாதை குறையாமல் சொன்னார்.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பெண் துடைக்கவில்லை. "எம் மாமன் கட்டலீன்னா எனக்குப் பட்டமே வேண்டாமுங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் காப்பி எடுத்துவரப் போய்விட்டாள். ஆக, பட்டமும் அவள் பிடிவாதமும் அக்காவின் மானமும் என் பத்து விரல்களில் வந்து உட்கார்ந்துகொண்டன.

காந்திபுரத்தில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனேன். அவர் கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிதானமாக விளக்கினார்.

"உடம்புக்குள்ள எதிர்ப்பு அணுக்கள்னு காவக்காரங்க இருக்காங்க. கிருமி வந்தா அடிக்கறது அவங்க வேலை. உங்க கைத்தோலுல இருக்கறவங்க கிருமியே இல்லாம சண்டை போடறாங்க. அதுல தோலு கண்டபடி வளந்து செதிலா உரியுது."

"அதுக்கு என்னங்க பண்றது?"

"ஒரு மாத்திரை தாரேன். உடம்பு பூராவும் போயி அணுக்களுக்குள்ள சும்மா தூங்கும். ரெண்டு மணி நேரங்கழிச்சு இந்தப் பெட்டிக்குள்ள கைய வெச்சு ஊதா வெளிச்சம் காட்டுவோம். வெளிச்சம் பட்டதும் மருந்து முழிச்சுக்கிட்டு, அணுக்குள்ள இருக்கற டி.என்.ஏ-ங்கற மரபுச் சரட்டைத் தையல் போட்ட மாதிரி பூட்டிப்போடும். சண்டைக்காரங்க கொஞ்சங்கொஞ்சமா செத்துப்போயிருவாங்க."

"செத்துப்போயிருவாங்களா!"

"சத்தமில்லாமத்தானுங்க. மிச்சம் இருக்கறவங்களும் அடங்கிருவாங்க. மாத்திரை போட்ட அன்னைக்குப் பொழுது சாயறவரைக்கும் வெயில்ல திரியாதீங்க, கருப்புக் கண்ணாடியக் கழட்டாதீங்க."

தலையைத் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். பஸ் நிறுத்தத்துச் சுவரில், நோய் எதிர்ப்புச் சக்தியை அழித்துவிடும் நோய் என்று எய்ட்ஸ் பற்றி அரசாங்கம் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தது. அதைக் கிருமி செய்கிறது. எனக்கு இந்த அம்மா மாத்திரையும் வெளிச்சமும் கொடுத்து, கட்டணமும் வாங்கிக்கொண்டு செய்யப்போகிறார். காவல்காரர்கள் எல்லாரும் போய்விட்டால் பூட்டாத வீடுதானே நான்? அங்கேயே ஒரு தும்மல் வந்தது. முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொன்னேன். ஆறவைத்து மறுபடியும் கொதிக்கவைக்கச் சொன்னேன். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். அதில் இருந்த சிக்கல் முதல் இட்லியின்போதுதான் தெரிந்தது. மனைவி இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, இன்னும் ஒரு மாத்திரைகூடப் போடலை. அதுக்குள்ள எந்தக் கிருமிங்க உங்களத் தேடி வருது?"

"உனக்கென்ன தெரியும் அம்மணி, உள்ள காவலே இல்லாமப் போகப்போகுது."

"வந்தாலும் ரெண்டு நாளுக்கு மேல தங்காதுங்க. உங்க பேச்சக் கேட்டுக்கிட்டு இருபது வருசமாத் தங்குனது நான் ஒருத்திதான்."

வைத்தியத்தை விட்டுவிடவும் முடியாது, பட்டம் இருக்கிறது. கணபதியில் எனக்கு ஒரு சிறிய லேத் பட்டறை. பம்ப் செட்டுக்கு உருப்படிகள் கடைந்து கொடுப்போம். புது அளவு வந்தால் மொத்தமாகக் கடைந்து தள்ளமாட்டோம். ஒன்றை மட்டும் கடைந்து, பம்பில் மாட்டி ஓட்டிப் பார்ப்போம். அது தேறினால்தான் மற்றவை. இந்தத் தொழில் புத்தியை என் உடம்பிலேயே காட்டினேன். வலது கை மட்டும் டிரையல். போனால் அந்தக் கையின் காவல்காரர்களோடு போகட்டும். இடது கையில் இருப்பவர்களாவது மிஞ்சுவார்கள்.

பெட்டியின் வாயை ஒரு கருப்புத் துணி மூடியிருக்கும். நர்ஸம்மா சுவிட்சைப் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடப் போவார். அந்தச் சமயத்தில் இடது கையை உருவி இடுப்பு வேட்டியில் செருகிக்கொள்வேன். வலது கை உள்ளே ஊதா வெளிச்சத்தில் தனியாகக் கிடக்கும். அதைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கும்.

சிகிச்சைக்குப் போகும் நாட்களில் பஸ்ஸில் ராஜமரியாதை. கருப்புக் கண்ணாடியைப் பார்த்ததும் பக்கத்துச் சீட்டுக்காரர், "மெட்ராஸ் ஐ-ங்களா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் எழுந்துவிடுவார். நான் மறுத்ததே இல்லை. இரண்டு பேர் சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து போனேன். அந்த ஆண்டில் இத்தனை சௌகரியமாக ஊருக்குள் பயணம் செய்தவன் நானாகத்தான் இருப்பேன்.

வாரங்கள் போயின. வலது கை சிவப்பு அடங்கி, வழவழப்பாகி, கல்லூரிப் பையன் கை மாதிரி ஆனது. இடது கை அப்படியே மீன் சந்தை. டாக்டரம்மா இரண்டையும் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"ஏனுங்க, இந்தக் கை பெட்டிக்குள்ள போகவே இல்லீங்களா?"

நான் கூரையைப் பார்த்தேன். பிறகு, வேறு வழியில்லாமல், லேத்திலிருந்து காவல்காரன் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் நர்ஸம்மாவே எட்டிப் பார்த்தார்.

"நீங்க போட்ட மாத்திரை ரெண்டு கைக்கும்தானே போச்சு? இடது கையில என்ன ஆச்சு?"

"ஒன்னுமே ஆகலீங்க."

"அவ்வளவுதானுங்க. வெளிச்சம் படாத இடத்துல அது தூங்கிட்டே வெளிய போயிரும். கைப்பக்கமா ஓடற ரத்தத்துல கொஞ்சம் மாட்டும், இல்லைங்கல. மத்தபடி உங்க காவக்காரங்க பத்திரமா இருக்காங்க. நான் வாயில சொன்னத நீங்க கையில செஞ்சு காட்டிப்போட்டீங்க."

பெருமையாகத்தான் இருந்தது. அடுத்து அவர் சொன்னதில் அது இறங்கிவிட்டது. கல்யாணம் நெருங்கிவிட்டது, அவசரத்துக்கு வெளிச்சத்தைக் கூட்டினால் தோல் வெந்துவிடும், அளவுக்கு மிஞ்சினால் பின்னால் தோலுக்கே கேடு. கிடைத்த நாட்களில் இடது கையை முறையாக உள்ளே வைத்தேன். திட்டுகள் பாதி அடங்கின. மீதி பாதி முகூர்த்தத்துக்கு என்னோடு வந்தது.

பட்டம் கட்டக் கூப்பிட்டார்கள். இடது கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு, வலது கையால் தகட்டை நெற்றியில் வைத்தேன். வைத்தது சரி, முடிச்சு? ஒற்றைக் கையால் நூலைச் சுழற்றிப் பார்த்தேன். பட்டம் நழுவி அவள் மூக்குக்கு வந்தது.

குனிந்த தலைக்குக் கீழிருந்து குரல் வந்தது. "மாமா, ரெண்டு கையும் வேணுமுங்க. நானே சொல்லித் தரோணுமா?"

துண்டு விழுந்தது. இடது கை சபைக்கு வந்தது. உரிந்த தோலும் சிவப்புமாக அவள் கூந்தலுக்குப் பின்னால் நூலைப் பிடித்தேன். மாப்பிள்ளையின் அம்மா என்ன முகம் காட்டுகிறார் என்று ஓரக்கண்ணால் தேடினேன். அவர் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். பந்தி போட்டாச்சு என்று யாரோ குரல் கொடுத்திருக்கிறார்கள். காரமடையிலிருந்து வந்தவர்களை முதல் பந்தியில் உட்கார வைக்கிற அவசரத்தில், "இந்தப் பக்கம் வாங்க, அந்த எல உங்களுக்குத்தானுங்க" என்று ஆள் பிடித்துக்கொண்டிருந்தார். பாதிக் கூட்டம் அவர் பின்னால் போய்க்கொண்டிருந்தது. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான்.

வந்த நிம்மதியில் நூலை ஒரு இழு இழுத்து முடிச்சுப் போட்டேன்.

"மாமா" என்றாள் பெண், "இழுத்த இழுப்புல கண்ணு மேல போகுதுங்க. கொஞ்சம் தளத்திக் கட்டுங்க."